சென்னையில் முதல் முறையாகக் கூத்து நடத்தப் போகிறீர்களா? அச்சாரம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஓர் ஐப்பசி மாதம் பெசன்ட் நகர்ப் பக்கத்தில் தெருக்கூத்து ஒன்று நடத்துவதென்று நானும் நான்கு நண்பர்களும் இறங்கினோம். ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, அச்சாரம் கொடுத்தாயிற்று, அழைப்பிதழ் அடித்தாயிற்று, தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு வரை அனுமதிக் கடிதம் கைக்கு வரவில்லை. மழையும் விடவில்லை. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினான்கு கலைஞர்கள் வண்டி ஏறவேண்டிய நேரத்தில் ஜமாவை நடத்துகிற வாத்தியாரைக் கூப்பிட்டு, "இந்த முறை வேண்டாங்க ஐயா" என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி, அந்த நாளைக்கு வேற ஊர்ல கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன்" என்று மட்டும் சொன்னார். அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அதே ஜமாவை வைத்து அடுத்து வந்த தை மாதக் கடைசியில் மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கத்திலும், மாசியில் ஒரு மீனவர் குப்பத்திலும் கூத்து நடத்தினோம். இரண்டும் குறையில்லாமல் நடந்தன. ஐப்பசியில் எங்களுக்கு என்னவெல்லாம் தெரியாமல் இருந்ததோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் நாடகமோ பறையாட்டமோ கவிதை வாசிப்போ நடத்துவதாக இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் தேதியை முடிவு செய்யாதீர்கள்

நாங்கள் செய்த முதல் தவறு இதுதான். எல்லோருக்கும் வசதியான ஒரு சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்குள் திணிக்கப் பார்த்தோம். இந்த ஊரில் உங்களுக்கு முன்னாலேயே தேதியைத் தீர்மானிக்கிற நான்கு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி வெள்ளமும் 2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலும் சென்னைக்காரர்களுக்கு மறக்காது. இந்த மூன்று மாதமும் திறந்தவெளியை நினைக்கவே வேண்டாம். அரங்கத்துக்குள் நடத்தினாலும் ஆரஞ்சு எச்சரிக்கை விட்ட நாளில் ஆள் வரமாட்டார்கள்.

இரண்டு, ஜமாவின் நாள்காட்டி. வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாக்கள் பங்குனி வாக்கில் சூடுபிடித்து ஆடி வரை ஓடும். அவர்களுக்கு அதுதான் சம்பாதிக்கிற காலம். ஊர்க் கோயிலில் பத்து இரவு, இருபது இரவு என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். அந்த மாதங்களில் ஒரு சனிக்கிழமைக்காக அவர்களைச் சென்னைக்குக் கூப்பிடுவது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

மூன்று, மார்கழி சீசன். டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை மயிலாப்பூர், தியாகராய நகர், ஆழ்வார்பேட்டையில் உள்ள சபா அரங்குகள் காலையிலிருந்து இரவு வரை கச்சேரிக்குப் போய்விடும். மைக் செட்காரரும் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். நான்கு, பொதுத்தேர்வு. மார்ச் வந்துவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளை இருப்பவர்கள் வெளியே கிளம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வைக்க அனுமதி கேட்பதும் சரியாக இருக்காது.

இந்த நான்கையும் கழித்தால் மிஞ்சுவது பொங்கலுக்குப் பிறகு தை முழுக்க, மாசியில் முதல் பாதி. ஆக மொத்தம் ஆறு வாரம்தான். இன்னொரு நல்ல இடைவெளி ஆகஸ்ட் கடைசி. ஆடி முடிந்து ஜமாக்கள் சற்று ஓய்ந்திருப்பார்கள், சபாக்களும் காலியாக இருக்கும். ஆகஸ்ட் 22 சென்னை தினம் என்பதால் அந்த வாரத்தில் உள்ளூர் நிகழ்ச்சிகளுக்குப் பத்திரிகைகளும் இடம் ஒதுக்கும். மாலையில் மழை தூறக்கூடும் என்பதால் அரங்கத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எது என்றாலும் குறைந்தது 90 நாள் முன்பே வேலையைத் தொடங்குங்கள். உங்கள் கையில் மூன்று தேதிகள் இருக்கட்டும். ஜமா, இடம் இரண்டும் சரி என்று சொன்ன பிறகு ஒன்றை முடிவு செய்யுங்கள்.

2. வாத்தியாரிடம் நேரில் போய்ப் பேசுங்கள்

போனில் விலை கேட்டு முடித்துவிடலாம். நான் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூத்து விடிய விடிய நடக்கிற கலை. உங்களுக்குக் கிடைக்கப் போவதோ மூன்று மணி நேரம். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. அரங்கங்களும் ஒன்பது, ஒன்பதரைக்கு மூடிவிடுவார்கள். எந்தக் கதை, அதில் எந்தப் பகுதி, எந்த வேஷத்தின் திரைப் பிரவேசத்தை (திரைக்குப் பின்னிருந்து ஆடிவரும் நுழைவை) வைத்துக்கொள்வது, கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் உட்கார்ந்து பேச வேண்டியவை. "சுருக்கமா பண்ணுங்க" என்று போனில் சொன்னால், கடைசியில் உச்சக்கட்டம் வரும் நேரத்துக்கு அரங்கத்துக்காரர் விளக்கை அணைக்க வந்து நிற்பார். நான் இன்னொருவர் நடத்திய நிகழ்ச்சியில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை: எத்தனை பேர் வருவார்கள், ஒப்பனைக்கும் கட்டை (மரத்தாலான கிரீடம், தோளணி) கட்டுவதற்கும் எத்தனை மணி நேரம், ஆட எவ்வளவு இடம், பாட்டுக்கும் வாத்தியத்துக்கும் எத்தனை மைக், சாப்பாடு எப்போது. எங்கள் ஜமா வேஷம் கட்டவே மூன்று மணி நேரம் கேட்டது. மாலை 5.30க்குக் கூத்து என்றால் பகல் இரண்டு மணிக்கே ஒப்பனை அறை திறந்திருக்க வேண்டும். இது அரங்க வாடகையை நேரடியாகப் பாதிக்கும், அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

அச்சாரத்தை இடம் உறுதியான அன்றுதான் கொடுங்கள். கொடுக்கும்போதே, நம் பக்கத்துக் காரணத்தால் நின்றுபோனால் என்ன தருவோம் என்று பேசி எழுதிவிடுங்கள். நாங்கள் அதன் பிறகு வைத்துக்கொண்ட விதி: ஒரு வாரத்துக்குள் நின்றால் பாதித் தொகை அவர்களுக்கு. மழைக்கு அவர்கள் பொறுப்பில்லை.

3. இடம்: வாடகைச் சீட்டில் எழுதாதது எதுவும் கிடையாது

பெரிய அரங்குகள் முதல் நிகழ்ச்சிக்கு வேண்டாம். 150 முதல் 250 பேர் உட்காரும் இடம் போதும். மயிலாப்பூரில் ஆர்.ஆர். சபா, லஸ் ரானடே நூலகத்து அரங்கு, எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் மியூசியம் தியேட்டர், பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி ஸ்பேசஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குணமும் ஓர் அளவும் உண்டு, சில இந்தக் கணக்கைவிடப் பெரியவை. போய் ஒரு நிகழ்ச்சியைப் பார்வையாளராக உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மியூசியம் தியேட்டர் நாடகக்காரர்களுக்குப் பிடித்த இடம். கூத்துக்கு நான் தேடுவது வேறு: மேடை உயரம் குறைவாக, முன்வரிசை நெருக்கமாக இருக்க வேண்டும். களரியில், அதாவது கூத்து ஆடும் இடத்தில், சலங்கைச் சத்தம் நெஞ்சில் வந்து விழ வேண்டாமா?

வாடகை பேசும்போது பெரும்பாலும் "மூணு மணி நேரம், இவ்வளவு" என்பார்கள். அந்த மூன்று மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்று கேளுங்கள். மேடையா, ஒப்பனை அறையும் சேர்த்தா? ஏ.சி. தனியா? ஒலி, ஒளி அவர்களுடையதா, வெளியிலிருந்து கொண்டுவந்தால் தனிக் கட்டணமா? துப்புரவுக்கு எவ்வளவு? முன்வைப்புத் தொகை எத்தனை நாளில் திரும்ப வரும்? நாங்கள் முதலில் பேசிய ஓர் இடத்தில் ஒப்பனை அறையை மாலை 4 மணிக்குத்தான் திறப்போம் என்று நிகழ்ச்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது சொன்னார்கள். வாடகைச் சீட்டில் "மாலை 5 முதல் 8 வரை" என்று மட்டும்தான் இருந்தது, நாங்கள் வாய்ப்பேச்சை நம்பியிருந்தோம். கூடுதல் பணம் கட்டித்தான் தீர்த்தோம்.

திறந்தவெளி என்றால் அது யாருடைய நிலம் என்று பாருங்கள். பூங்கா, விளையாட்டுத் திடல் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். கோயில் இடம் என்றால் செயல் அலுவலர். மெரினாவில் கூட்டம் கூடுவதற்குக் கட்டுப்பாடு கடுமை, அதை விட்டுவிடுங்கள்.

குப்பத்துக்குள் நடத்துவதாக இருந்தால் வேறு எந்த அலுவலகத்துக்கும் முன்னால் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். அந்த மணல் நமக்குக் கடற்கரை. அவர்களுக்கு வலை உலர்த்துகிற, படகு நிறுத்துகிற, மீன் இறக்குகிற இடம். எந்தப் பக்கம் படகு ஏறும், எந்த நேரம் ஏலம், ஊரில் துக்கம் ஏதும் உண்டா, கோயில் விழா எப்போது என்று அவர்கள் சொன்னால்தான் தெரியும். நாங்கள் போனபோது தேநீர் வாங்கிக்கொடுத்து அரை மணி நேரத்தில் எல்லாம் சொல்லிவிட்டார்கள். "எங்க ஊர்ல நடக்குதுன்னா எங்க பிள்ளைங்களும் ஏதாவது செய்யணும்" என்று ஒரு பெரியவர் சொன்னதால், கூத்துக்கு முன் குப்பத்துப் பிள்ளைகளின் பறையை வைத்தோம். அன்றைய நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்தது அந்த இருபது நிமிடம்.

கடற்கரையில் இன்னும் மூன்று விஷயம். மாலையில் கடலிலிருந்து காற்று அடிக்கும். மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாவிட்டால் பாட்டுக்குப் பதில் காற்றுதான் கேட்கும். தை மாதத்தில் ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஆகையால் நாற்காலி போடும்போதே விளக்கு வேண்டும். அப்புறம் ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் பெசன்ட் நகரிலிருந்து நீலாங்கரை வரையுள்ள மணலில் முட்டையிட வருகின்றன. கடலைப் பார்த்த பளிச்சென்ற விளக்கு அவற்றையும் குஞ்சுகளையும் திசைமாற்றிவிடும். விளக்குகளை ஊர்ப் பக்கமாகத் திருப்பி, முடிந்த உடனே அணைத்துவிடுங்கள். இதை விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தோம், அதற்கு நல்ல பெயரும் கிடைத்தது.

4. காவல்துறைக் கடிதம்

எங்கள் ஐப்பசி நிகழ்ச்சி இங்கேதான் விழுந்தது. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

சென்னை, ஆவடி, தாம்பரம் என்று மூன்று ஆணையரகங்கள் இருக்கின்றன. முதலில் உங்கள் இடம் எந்த நிலையத்தின் எல்லை என்று உறுதி செய்யுங்கள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு நிலையம், அந்தப் பக்கம் இன்னொன்று என்பதெல்லாம் சாதாரணம். நாங்கள் தவறான நிலையத்தில் கடிதம் கொடுத்துவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தோம். அங்கிருந்து "இது எங்க லிமிட் இல்லை" என்ற பதில் வந்தபோது நேரம் போய்விட்டது.

அரங்கத்துக்குள் நடக்கும் நிகழ்ச்சிக்குப் பொதுவாக ஒரு தகவல் கடிதம் போதும். அதைக் கொடுத்தீர்களா என்று பல அரங்கத்துக்காரர்களும் கேட்பார்கள். திறந்தவெளிக்கு அனுமதி வேண்டும், ஒலிபெருக்கிக்கும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பொதுக்கூட்டம் போன்றவற்றுக்குக் குறைந்தது 5 நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும் என்பார்கள். ஐந்து நாளை நம்பாதீர்கள். 21 நாள் முன்பு கொடுங்கள்.

கடிதம் காவல் ஆய்வாளர் வழியாக உதவி ஆணையருக்கு எழுதப்பட வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடத்தின் முழு முகவரி, எதிர்பார்க்கும் கூட்டம், கலைஞர்களின் எண்ணிக்கை, எத்தனை ஒலிபெருக்கி, வண்டிகள் எங்கே நிற்கும், பொறுப்பாளர் இருவரின் பெயரும் போன் எண்ணும். "அரசியல் சார்பற்ற, கட்டணமில்லாக் கலை நிகழ்ச்சி" என்பது போல் நிகழ்ச்சியின் தன்மையை ஒரே வரியில் தெளிவாக எழுதுங்கள். அதோடு இணைக்க வேண்டியவை:

– பொறுப்பாளர்களின் ஆதார் நகல்
– நிலத்துக்கு உரியவரின் சம்மதக் கடிதம், அல்லது அரங்க வாடகை ரசீது
– குப்பம் என்றால் ஊர்ப் பஞ்சாயத்தின் கடிதம்
– அழைப்பிதழின் மாதிரி (அச்சடித்தது வேண்டாம், வெள்ளைத்தாளில் போதும்)
– மைக் செட்காரரின் பெயர், முகவரி
– கையால் வரைந்த இட வரைபடம்: மேடை, வழி, வண்டி நிறுத்தம், அருகிலுள்ள மருத்துவமனை, பள்ளி

கடைசியாகச் சொன்ன வரைபடத்தை யாரும் கேட்கவில்லை. நாங்களாகவே வைத்தோம், ஆய்வாளர் முதலில் எடுத்துப் பார்த்தது அதைத்தான். மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாகக் கருதப்படும், ஆகவே அந்தத் தூரத்தை நீங்களே அளந்து காட்டிவிட்டால் ஒரு கேள்வி குறையும்.

எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் நேரில் போய்க் கேளுங்கள். "பார்த்துக்கலாம், நடத்துங்க" என்று ஒருவர் அன்பாகவே சொல்லலாம். நாங்கள் முதல் முறை அதைக் கேட்டுத்தான் அழைப்பிதழ் அடிக்கக் கொடுத்தோம். நிகழ்ச்சி நெருங்கும்போது அவர் வேறு பணியில் இருந்தார். கையெழுத்துப் போட்ட தாளைத் தவிர மற்றது எதுவும் அனுமதி ஆகாது.

சாலையில் ஓர் அங்குலம் எடுத்தாலும் போக்குவரத்துக் காவல் பிரிவுக்குத் தனிக் கடிதம். பெரிய பந்தல் என்றால் தீயணைப்புத் துறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் தவிர்க்கிற மாதிரி நிகழ்ச்சியைச் சின்னதாகத் திட்டமிடுவதுதான் முதல் முறைக்கு நல்லது. கூத்துக்கு மேடையே வேண்டாம், தரை போதும்.

இன்னொரு எச்சரிக்கை: பேனர். 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அனுமதியில்லாமல் தெருவில் ஒரு பிளக்ஸ்கூடக் கட்டாதீர்கள், சுவரில் போஸ்டர் ஒட்டாதீர்கள். அரங்கத்தின் வாசலுக்குள் துணிப் பதாகை ஒன்று போதும்.

5. வரி, உரிமம்

டிக்கெட் 500 ரூபாய் வரை இருந்தால் நாட்டியம், நாடகம், இசை நிகழ்ச்சிகளின் நுழைவுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. நாட்டார் கலை, செவ்வியல் கலைஞர்களுக்குத் தரும் தொகைக்கும் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை விலக்கு உண்டு. மாநகராட்சியின் கேளிக்கை வரி உங்களுக்குப் பொருந்துமா என்று மண்டல அலுவலக வருவாய்ப் பிரிவில் டிக்கெட் அச்சடிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கூத்துப் பாட்டுக்கு யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டம் சேரும்வரை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போட்டால் அது பொது ஒலிபரப்பு, அதற்கு உரிமக் கட்டணம் உண்டு. போடாதீர்கள். ஜமாவின் மத்தளமும் ஆர்மோனியமும் சுருதி சேர்ப்பதே கூட்டத்தை இழுக்கும்.

6. எங்களுக்கு ஆன செலவு

அரங்க நிகழ்ச்சி: ஜமாவுக்கு 40,000, வேன் போகவர 11,000, அரங்கம் 14,000, ஒலி ஒளி 9,000, கலைஞர்களுக்கும் உதவிக்கு நின்றவர்களுக்கும் சாப்பாடு 6,000, அச்சு 2,500, சில்லறை 3,000. மொத்தம் 85,500 ரூபாய். இது தவிர 5,000 முன்வைப்பு, அது திரும்ப வந்துவிட்டது. 200 ரூபாய் டிக்கெட்டில் 163 விற்று 32,600 வந்தது. மீதி 52,900 நண்பர்களும் தெரிந்தவர்களும் கொடுத்தது.

குப்பத்து நிகழ்ச்சி: அரங்க வாடகையும் அச்சுச் செலவும் இல்லை, ஆனால் ஜெனரேட்டர் 6,000, ஒலி ஒளி 12,000, நாற்காலி 1,000. ஜமா, வேன், சாப்பாடு, சில்லறை முன்போலத்தான். மொத்தம் 79,000. திறந்தவெளி மலிவு என்று நினைக்காதீர்கள். வித்தியாசம் 6,500 ரூபாய்தான்.

உங்களுக்கு ஆகும் தொகை வேறாக இருக்கும். ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள்: ஏறக்குறையப் பாதி கலைஞர்களுக்கே போக வேண்டும். பணம் போதாமல் வந்தால் மற்ற எதில் வேண்டுமானாலும் கை வையுங்கள், ஜமாவின் தொகையில் வேண்டாம். விடிய விடிய ஆடுகிறவர்கள் மூன்று மணி நேரம்தானே ஆடுகிறார்கள் என்று குறைத்துக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பயணம் அதேதான், வேஷம் அதேதான், மறுநாளின் உடம்பு வலியும் அதேதான்.

7. பத்திரிகையில் வர வைப்பது

சென்னையில் கலை நிகழ்ச்சிக்கு வருபவர்களில் ஒரு பெரிய பகுதி இன்னமும் காலைப் பத்திரிகையில் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். எங்கள் அரங்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முதியவர்களிடம் கேட்டேன். நான்கில் மூன்று பேர் அப்படி வந்தவர்கள்தான். அந்தப் பகுதியில் இடம்பெறக் காசு கிடையாது. செய்தி போடப் பணம் கேட்பவர் யாராவது வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

மூன்று வகைக்கு மூன்று கெடு வைத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் மாதிரியான வட்டார வார இதழ்கள் வாரக் கடைசியில் வீடு தேடி வரும், பக்கம் அதற்கு முன்பே முடிந்துவிடும். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பே அவர்களுக்கு அனுப்புங்கள். உங்கள் இடம் அந்த வட்டாரத்துக்குள் இருந்தால்தான் போடுவார்கள், அதுவும் நினைவிருக்கட்டும். நாளிதழ்களுக்கு ஐந்து நாள் முன்பு ஒரு முறையும், முந்தைய நாள் காலை 11 மணிக்குள் இன்னொரு முறையும். நிருபர் நேரில் வரவேண்டும் என்றால் ஒரு வாரம் முன்பே, கதைக்கு ஏதாவது சுவையான பிடி கொடுத்து எழுத வேண்டும். "பாரம்பரியக் கலையைக் காக்கும் முயற்சி" என்று எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். நாங்கள் குப்பத்து நிகழ்ச்சிக்கு "குப்பத்துப் பிள்ளைகள் பறை அடித்துக் கூத்தை வரவேற்கிறார்கள்; விளக்குகள் ஆமைகளுக்காக ஊர்ப் பக்கம் திருப்பப்படும்" என்று எழுதினோம். இரண்டு நிருபர்கள் வந்தார்கள்.

குறிப்பு இப்படி இருக்கட்டும்:

தெருக்கூத்து: பதினெட்டாம் போர்
பிப்ரவரி 8, சனிக்கிழமை, மாலை 5.30 முதல் 8.45 வரை
அரங்கின் பெயர், தெரு, மயிலாப்பூர். பக்கத்தில் தெரிகிற ஓர் அடையாளம்.
நிகழ்த்துவோர்: ஜமாவின் முழுப் பெயர், ஊர், மாவட்டம்
டிக்கெட் ரூ. 200, அரங்க வாசலில் கிடைக்கும்
தொடர்புக்கு: ஒரு பெயர், ஒரு போன் எண்

இவ்வளவுதான். அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பாதீர்கள். துணை ஆசிரியர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். இரவு நெருக்கடியில் உங்கள் படம் ஒதுங்கிவிடும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பையும் அனுப்பாதீர்கள், அங்கே கட்டம் கட்டமாகத்தான் தெரியும். யுனிகோடில், மின்னஞ்சலின் உடம்பிலேயே எழுதுங்கள். தலைப்பு வரியில் தேதியும் இடமும் இருக்கட்டும். கிழமையும் தேதியும் பொருந்துகிறதா என்று இருமுறை பாருங்கள். எங்கள் முதல் குறிப்பில் கிழமை தவறாகப் போய், அழைப்பு வந்த ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

ஜமாவின் பெயரை வாத்தியாரிடம் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதுங்கள். பத்திரிகையில் நிகழ்ச்சி நடத்திய நம் பெயர் பெரிதாக வந்து "கிராமியக் கலைஞர்கள்" என்று மட்டும் அவர்களைச் சொல்லிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. குறிப்பில் உங்கள் பெயர் ஒரே இடத்தில், கடைசி வரியில் இருந்தால் இது நடக்காது.

8. நிகழ்ச்சி நாள்

காலையிலேயே நிலையத்துக்கு ஒரு போன். அனுமதிக் கடிதத்தின் நகல் மூன்று பேர் பையில் இருக்க வேண்டும்: உங்களிடம், வாசலில் நிற்பவரிடம், மைக் செட்காரரிடம்.

வேன் செங்கல்பட்டுப் பக்கம் நெரிசலில் மாட்டும் என்று கணக்கு வைத்து, பகல் 12 மணிக்கே வந்து சேரும்படி கிளம்பச் சொல்லுங்கள். வந்ததும் சாப்பாடு, பிறகு ஒரு மணி நேரம் படுக்க இடம். ஒப்பனை அறையில் மின்விசிறி, வாளித் தண்ணீர், பெரிய கண்ணாடி ஒன்றாவது வேண்டும். தேநீருக்கு எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் ஒன்று.

பேச்சாளர்களை வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒருவர், ஐந்து நிமிடம். நேரம் தவறுவது எப்போதும் வரவேற்புரையில்தான், வெட்டுப்படுவதோ எப்போதும் கூத்தின் கடைசிப் பகுதி.

இரவு 9 மணிக்குள், முடிந்தவுடன், நான்கு வரிச் செய்தியும் இரண்டு படமும் பத்திரிகைகளுக்குப் போய்விட வேண்டும். இதற்கென்று ஒருவரை முன்பே உட்கார வையுங்கள். எட்டு மணிக்கே எழுதி வைத்துக்கொண்டு, முடிந்ததும் எண்ணிக்கையை மட்டும் சேர்க்கலாம். படத்துக்குக் கீழே யார் எந்த வேஷம் என்று எழுதுங்கள்.

பேசிய தொகை முழுவதையும் ஒப்பனை கலைக்கும் முன்பே வாத்தியார் கையில் கொடுத்துவிடுங்கள்.

9. மறுநாள்

காலை ஏழு மணிக்குள் பேப்பர் கடைக்குப் போங்கள், செய்தி வந்திருந்தால் நான்கு பிரதி வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு, அடுத்த முறை அனுமதி கேட்கும்போது இணைக்க. ஒன்று பணம் தந்தவர்களுக்குக் கணக்கோடு அனுப்ப. ஒன்று நிலையத்துக்கு, நன்றிக் கடிதத்தோடு. நான்காவதைத் தபாலில் ஜமாவுக்கு அனுப்புங்கள். போனில் படம் அனுப்பினால் போதும் என்று நானும் நினைத்தேன். வாத்தியார் தாளாகவே வேண்டும் என்றார். ஊர்க் கோயில்களில் ஒப்பந்தம் பேசப் போகும்போது பையில் வைத்திருப்பாராம்.